மீட்ட பிறகு கேட்போம்

செங்கம்மாளை மீட்டவள் நான்தான். அரசாங்கக் காகிதங்களில் வேறு பெயர்கள் இருக்கும். துணை இயக்குநர் ஒருவர், பெண் இன்ஸ்பெக்டர் ஒருவர், இரண்டு மாதர் அமைப்புகள். ஆனால் படிவத்தை நிரப்பியது என் கை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் சிரிப்பதற்கு ஏற்ற ஆட்கள் நிறைய வருவார்கள். அந்தச் சந்தடியில் நான் நைசாக நழுவிவிடுவேன்.

என் பெயர் ஹெலன். செங்கல்பட்டில் ஓர் அரசுத் துறையில் ஒப்பந்தக் கணினிப் பணியாளர். துறையின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு மார்ச் முதல் தேதியும் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்பதால் வருஷம் முழுக்க நான் மிகவும் அடக்கமான பெண்.

விபசாரம் பற்றி அரசாங்கம் ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்று மாதர் அமைப்புகள் இருபது வருஷம் போராடின. அரசாங்கமும் இருபது வருஷம் பரிசீலித்தது. கடைசியில் ஒரு நாள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்துவது என்று முடிவாகி, அந்தப் பொறுப்பு எங்கள் துணை இயக்குநர் வரதன் தலையில் விழுந்தது. தலை என்று சொன்னேன், அவரோ அதை மகுடமாக எடுத்துக்கொண்டார்.

சிக்கல் என்னவென்றால் மாதர் அமைப்புகள் இரண்டு. மாதர் மீட்சி மன்றத்தின் தலைவி சாரதாம்பாள், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. உண்மையிலேயே பதின்மூன்று வயசுப் பிள்ளைகளைத் தரகர்கள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தவர். பெண் குரல் கூட்டியக்கத்தின் சுஜாதா, வழக்கறிஞர். உண்மையிலேயே போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நாள் கணக்கில் நின்று பெண்களை வெளியே கொண்டுவந்தவர். இருவரும் நல்லவர்கள். இருவரும் ஒரே மேஜையில் டீ குடிக்க மாட்டார்கள்.

சாரதாம்பாளின் மனு, அந்தத் தொழிலில் இருக்கிற பெண்ணோடு அரசு பேசக் கூடாது, பேசினால் தொழிலை அங்கீகரித்தது போலாகும், முதலில் மீட்க வேண்டும் என்றது. சுஜாதாவின் மனு, அந்தத் தொழிலில் இருக்கிற பெண்ணைக் கேட்காமல் அரசு எதையும் முடிவு செய்யக் கூடாது என்றது. மூன்று நாள் வரதன் சார் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. நான்காம் நாள் என்னைக் கூப்பிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, டைப் அடிக்கச் சொன்னார்.

"பத்தி நான்கு. தொழிலில் உள்ள பெண்ணின் கருத்து கட்டாயமாகக் கேட்கப்படும், கமா, அவர் மீட்கப்பட்ட பிறகு. ஃபுல் ஸ்டாப்."

கண்ணைத் திறந்தார். "எப்படி? இருபது வருஷப் பிரச்சினைம்மா. ரெண்டு அம்மாவையும் ஒரே வாக்கியத்துல உக்கார வச்சிட்டேன்."

அன்று மாலை இரண்டு அமைப்புகளும் தனித்தனியாக லட்டு கொடுத்தன. இரண்டுக்கும் வெற்றி. நான் இரண்டிலும் ஒவ்வொன்று சாப்பிட்டேன்.

இப்போது ஒரு பெண் வேண்டும். துறையிடம் இருந்த பட்டியலில் உள்ள பெண்களுக்கெல்லாம் போன் செய்தேன். கருத்து என்றதும் எல்லோரும் வைத்துவிட்டார்கள். ஒருத்தி மட்டும் கூட்டத்தில் பிரியாணியா சாம்பார் சாதமா என்று விசாரித்துவிட்டு வைத்தாள். அப்போதுதான் செங்கம்மாள் ஞாபகம் வந்தாள்.

திருக்கழுக்குன்றத்தில் அவளும் நானும் ஒரே காம்பவுண்டில் குடியிருக்கிறோம். அவளுக்குப் பிளஸ் டூ படிக்கிற ஒரு மகள், பிரியங்கா. அம்மா மாமல்லபுரத்தில் லாட்ஜ் அறைகளைச் சுத்தம் செய்கிற வேலை பார்ப்பதாக மகளிடம் சொல்லியிருந்தாள். மாமல்லபுரம் நிஜம், லாட்ஜும் நிஜம். மகள் ஸ்கூலுக்குக் கிளம்பிய பிறகு கிளம்புவாள், மகள் திரும்புவதற்குள் திரும்பிவிடுவாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் என்னைச் சுகாதாரக் கணக்கெடுப்புக்கு இரவல் கொடுத்திருந்தார்கள். தொழிலில் இருக்கிற பெண்களின் பட்டியலில் அவள் பெயரை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். மறுநாள் குழாயடியில் என் குடத்தை அவள் குடத்துக்கு முன்னால் நகர்த்தி வைத்தாள். அதன் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

நான் போய்ப் பேசினேன்.

"இன்னா ஹெலனு, என்னிய எதுக்கு அங்க இட்டுகினு போறே?"

"நீ பேசினா கேப்பாங்கக்கா. சட்டம் எழுதறவங்களே வராங்க. உனக்கு இன்னா வேணுமோ சொல்லலாம்."

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே யோசித்தாள். "போன தீவாளிக்கு பஸ் ஸ்டாண்டுல சும்மா நின்னுகினு கீறேன். பிரியங்காவுக்கு வளையல் வாங்கலாம்னு. வண்டில ஏத்திட்டாங்க. பொம்பள சும்மா நிக்கக் கூடாதா? அத்த வுட்டுடச் சொல்லணும். அது போதும்."

"அதையே சொல்லு."

"நாலு மணிக்கு நான் வூட்ல இருக்கணும். புள்ள வரும்போது கதவு தொறந்து இருக்கணும்."

"மூணு மணிக்கே பஸ் ஏத்தி வுடறேன்" என்றேன். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னேன். பிப்ரவரி பிறந்துவிட்டிருந்தது, மார்ச் முதல் தேதி கிட்டத்தில் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கூட்டம் மாமல்லபுரத்தில் கடலோரமாக இருந்த ஒரு ரிசார்ட்டில். அரங்கின் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, அதற்கு அந்தப் பக்கம் கடல். திரையில் படம் தெரிய வேண்டும் என்பதற்காகக் கடலைத் திரைச்சீலை போட்டு மூடியிருந்தார்கள். செங்கம்மாள் கருநீலக் கரை போட்ட மாம்பழ நிறச் சேலையைக் கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். வரதன் சார் அவளைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"மீட்கப்பட்டவங்களா?"

"இல்ல சார். வீட்லேர்ந்து பஸ்ல வந்தாங்க."

"வீட்லேர்ந்து வந்தா எப்படிம்மா? பத்தி நான்கு இருக்கே." அவர் பதறவில்லை. அரசாங்கத்தில் முப்பது வருஷம் இருந்தவர். "சரி, இன்ஸ்பெக்டர் மேடம் பந்தோபஸ்துக்கு வந்திருக்காங்க. ஒரு அஞ்சு நிமிஷம். மீட்டுடுவோம்."

எங்கே மீட்பது என்பதில்தான் சற்றுத் தாமதம். ரிசார்ட்டுக்குள் மீட்டால் பெயர் கெடும் என்று மேனேஜர் கையெடுத்துக் கும்பிட்டார். ஆகவே செங்கம்மாளை வெளியே அழைத்துப் போய், அவள் வந்து இறங்கிய அதே பஸ் நிறுத்தத்தில் நிற்க வைத்து மீட்டோம். முதல் தடவை மீட்டபோது பேனர் படத்தில் விழவில்லை. இரண்டாம் தடவை, மீட்பது எங்கள் கோரிக்கை என்று சாரதாம்பாள் வலது பக்கம் வந்து நின்றார். கேட்பது எங்கள் கோரிக்கை என்று சுஜாதா இடது பக்கம் வந்து நின்றார். இருபது வருஷத்தில் அவர்கள் இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட ஒரே படம் அதுதான். செங்கம்மாளை முந்தானையால் முகத்தை மூடிக்கொள்ளச் சொன்னார்கள். அவள் மூடிக்கொண்டு உள்ளே சிரித்துக்கொண்டிருந்தாள், தோள் குலுங்கியது.

"இன்னாடி இது கூத்தா கீது" என்றாள் என்னிடம்.

"ஃபார்மாலிட்டிக்கா. பேப்பருக்காக" என்றேன்.

படிவம் என்னிடம் வந்தது. பதினோராவது கட்டம், குடும்பத்தினர் விவரம். செங்கம்மாள் சிரிப்பை நிறுத்திவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள். "புள்ள பேரு மட்டும் வாணாம் ஹெலனு. உன் கால்ல வுழறேன். அவ பேரு எந்தப் பேப்பர்லயும் வரக் கூடாது." அவள் பயம் எனக்குப் புரிந்தது. பதினெட்டு நிரம்பாத மகள் இருக்கிறாள் என்று எழுதினால் அந்தப் பிள்ளையையும் மீட்க வந்துவிடுவார்கள். நான் 'யாருமில்லை' என்று எழுதினேன். அன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் அது என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டம் தொடங்கியது. வரதன் சார் வரவேற்றார். "இது பெண்கள் சொல்வதைக் கேட்கிற அரசு. கொள்கையை நாங்கள் ஏற்கெனவே அச்சடித்துவிட்டோம். இருந்தாலும் உங்கள் கருத்துகளுக்காகப் பன்னிரண்டாம் பக்கத்தில் இடம் விட்டிருக்கிறோம். அரைப் பக்கம்." கைதட்டல் எழுந்தது.

சாரதாம்பாள் பேசினார். "அந்தச் சகோதரிகளின் கண்ணீரை நான் அறிவேன். அவர்கள் வாயால் சொல்ல வேண்டியதில்லை. சொன்னாலும் அது அவர்கள் சொல்வதாக ஆகாது, அவர்களைச் சொல்ல வைக்கிற சூழ்நிலை சொல்வதாகத்தான் ஆகும்."

சுஜாதா பேசினார். "இவர்களுக்காக மற்றவர்கள் பேசியது போதும். இவர்கள் பேசட்டும் என்பதை நாற்பது நிமிடங்களில் விளக்க விரும்புகிறேன்." நாற்பத்தேழு நிமிடம் விளக்கினார். அதில் ஒரு கோரிக்கை எனக்கும் பிடித்திருந்தது. மீட்கப்பட்ட பெண்ணிடமோ குடும்பத்தாரிடமோ படித்துக் காட்டாமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்து வாங்கக் கூடாது என்றார். அந்த இடத்திலேயே வரதன் சார் அதை ஏற்றுக்கொண்டார். செலவில்லாத கோரிக்கை.

செங்கம்மாளுக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாருக்கும் வணக்கம். எங்கள காப்பாத்துறேன்னு வரீங்க, சந்தோசம். வரதுக்கு மின்னாடி ஒரு வார்த்த கேளுங்க. எங்களுக்கும் வூடு கீது, புள்..." நிறுத்திக்கொண்டாள். "வூடு கீது. பஸ் ஸ்டாண்டுல நின்னா புடிக்காதீங்க. பேர பேப்பர்ல போடாதீங்க. அவ்ளோதான். எனக்கு நாலு மணிக்குப் போவணும்."

"நேரமின்மை காரணமாக" என்று வரதன் சார் மைக்கை வாங்கிக்கொண்டார். பிறகு என் பக்கம் குனிந்து, "குறிப்புல எழுதிக்கோம்மா. மீட்கப்பட்ட சகோதரி அரசுக்கு நெஞ்சார்ந்த நன்றி தெரிவித்தார். காலந்தவறாமையின் அவசியத்தையும் வலியுறுத்தினார்" என்றார். நான் அடித்தேன். பிழையில்லாமல் அடித்தேன்.

மூன்று மணிக்கு அவளைப் பஸ் ஏற்றிவிட வெளியே கூட்டிப் போனேன். வாசலில் ஒரு வேன் நின்றது.

"இவங்கள எங்க கூட்டிட்டுப் போறீங்க?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். "மீட்டவங்கள வீட்டுக்கு அனுப்ப முடியாதும்மா. மீட்டதே அங்கேர்ந்துதானே? இல்லத்துல இருபத்தொரு நாள் விசாரணை."

நான் உள்ளே ஓடினேன். வரதன் சார் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "படத்துக்காகத்தானே சார் மீட்டோம்!" என்றேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, மிகவும் வருத்தத்தோடு என்னைப் பார்த்தார். "ஹெலன், அரசாங்கம் எதையும் சும்மா செய்யாது."

திரும்பி வந்தபோது வேன் கிளம்பிவிட்டிருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு செங்கம்மாள் என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. கதவு, கதவு என்று மட்டும் சொன்னாள்.

நாலு மணிக்கு நான்தான் போய் அந்தக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிரியங்கா வந்ததும், லாட்ஜில் பயிற்சிக்காக அம்மாவை ஊட்டிக்கு அனுப்பியிருக்கிறார்கள், அங்கே டவர் கிடைக்காது என்று சொன்னேன். ஊட்டி எப்படி என் வாயில் வந்தது என்று தெரியவில்லை. பிள்ளை என் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். "சரிக்கா" என்றாள். அன்றிலிருந்து அவளுக்கு என் வீட்டில்தான் சாப்பாடு.

இருபத்தொரு நாள்தானே என்று இருந்தேன். அதுவும் ஆனது. விடுவிக்க வேண்டுமானால் உறவினர் யாராவது வந்து பொறுப்பேற்க வேண்டும் என்றார் இல்லத்தின் மேலாளர் அம்மாள். படிவத்தைத் திருப்பிக் காட்டினார். "இவங்களுக்குத்தான் யாருமில்லையே. யாருமில்லாதவங்களுக்கு ஒரு வருஷம் மறுவாழ்வு. நைட்டி தைக்கக் கத்துக்கறாங்க. நல்லா வருது." பதினோராவது கட்டத்தில் என் கையெழுத்து அழகாக இருந்தது.

சாரதாம்பாளிடம் போனேன். மோர் கொடுத்து உட்கார வைத்தார். "பத்திரமாகத்தானே இருக்கிறாள்? பத்திரமான இடத்திலிருந்து வெளியே எடு என்று ஒரு பெண்ணே வந்து கேட்கலாமா?" என்றார். அவர் கண்ணில் நிஜமாகவே கண்ணீர் இருந்தது.

சுஜாதாவிடம் போனேன். கொதித்துப் போனார். "அராஜகம்! அந்த மாதிரி இல்லங்களையே நாங்க அங்கீகரிக்கல." அப்படியானால் ஒரு மனு போடுங்கள் மேடம் என்றேன். "மனு போட்டா அங்கீகரிச்சதா ஆயிடுமே, ஹெலன். கண்டன அறிக்கை விடறேன்." விட்டார். மிக நன்றாக இருந்தது. செங்கம்மாளின் பெயரைக்கூட அதில் போடாமல் காப்பாற்றியிருந்தார்.

என்னால் ஒன்று செய்திருக்க முடியும். நான் எழுதியது பொய், அவளுக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்று எழுதிக் கொடுத்திருக்கலாம். பிள்ளைக்கு மார்ச் மூன்றாம் தேதிதான் பதினெட்டு முடிகிறது, அதற்கு முன் சொன்னால் அவளையும் கொண்டுபோய்விடுவார்கள் என்று நான் காத்திருந்தேன். இது முழுக்க உண்மையான காரணம். மார்ச் முதல் தேதி என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. அதுவும் முழுக்க உண்மையான காரணம். இரண்டில் எது பெரியது என்று ராத்திரியில் என்னை நானே கேட்டுக்கொள்வதை நிறுத்திவிட்டேன், பதில் எனக்குத் தெரிந்திருந்தது.

மூன்றாம் தேதி, தமிழ்ப் பரீட்சை எழுதிவிட்டு யூனிஃபார்மோடு பிரியங்கா நேராக என் வீட்டுக்கு வந்தாள். ஆதார் அட்டையை என் மேஜை மேல் வைத்தாள்.

"அக்கா, இன்னியோட பதினெட்டு. இப்ப நான் கையெழுத்துப் போடலாம்ல?"

நான் அட்டையை எடுத்துப் பிறந்த தேதியைப் பார்த்தேன்.

"பேப்பர்ல போட்டோ பாத்தேங்க்கா, அன்னிக்கே. மூஞ்சி மறைச்சிருந்தாங்க. ஆனா பொடவ எங்க பொடவதானே." சற்று நேரம் பரீட்சை அட்டையின் கிளிப்பைத் திறந்து திறந்து மூடினாள். "ஏழாவது படிக்கறப்பவே தெரியும். கிளாஸ்ல ஒரு பொண்ணு சொல்லிச்சு. அழுதுகினே வந்தேன். ஏன்னு அம்மா கேட்டுச்சு, கணக்குல ஃபெயிலுன்னு சொல்லிட்டேன். பஸ்ஸு லேட்டாச்சின்னா அம்மா மூச்சு வாங்க ஓடியாரும்ல, அதனால நான் தெனமும் கோயில் கொளத்தாண்ட கொஞ்ச நேரம் குந்திகினு இருந்துட்டுத்தான் வூட்டுக்கு வருவேன். எனக்குத் தெரியும்னு அம்மாவுக்குத் தெரிய வாணாம்க்கா. நீங்களே கையெழுத்து வாங்கிக்கினு போங்க. நான் வெளிய நிக்கறேன்."

"சரி" என்றேன். அவள் அம்மாவுக்கு நான் கொடுத்த வாக்கு ஒன்று, இவளுக்குக் கொடுத்தது ஒன்று.

மறுநாள் இருவரும் போனோம். படிவத்தில் திருத்தம் வேண்டும் என்றதும் காரணம் கேட்டார்கள். எழுத்துப் பிழை என்று எழுதிக் கொடுத்தேன். ஆறாம் வயதில் பல் விழுந்து, பதினெட்டு வயதில் தமிழ்ப் பரீட்சை எழுதிய ஒரு பிள்ளையை எழுத்துப் பிழை என்று எழுதி, கீழே தேதியும் போட்டேன்.

"வெளிய நின்னா எப்படி? பொறுப்பேற்பவர் உள்ள வரணும்" என்றார் மேலாளர். செங்கம்மாளைக் கூட்டி வந்தார்கள். மகளைப் பார்த்ததும் அவள் வந்த வழியே திரும்பி நடந்தாள். இரண்டு பேர் தோளைப் பிடித்துத் திருப்பி உட்கார வைத்தார்கள்.

மேலாளர் உறுதிமொழிப் பத்திரத்தை எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"மேடம், படிக்க வேணாம். எங்களுக்குத் தெரியும். கையெழுத்து மட்டும் போட்டுடறோம்" என்றேன்.

"அதெப்படிம்மா? படிச்சுக் காட்டாம வாங்கக் கூடாதுன்னு பொம்பளைங்க போராடி வாங்கின உரிமை. போன மாசம்தான் ஆர்டர் வந்துச்சு. நீங்களே இப்படிச் சொல்லலாமா?"

"பொண்ணு எதிர்ல வாணாம் தாயே" என்றாள் செங்கம்மாள். தரையைப் பார்த்துத்தான் சொன்னாள்.

மேலாளர் படித்தார். நிறுத்தி, தெளிவாக, இருவருக்கும் கேட்கும்படி படித்தார். "பிரியங்கா ஆகிய நான், விபசாரத் தொழிலிலிருந்து மீட்கப்பட்ட என் தாயார் செங்கம்மாளை, இனி நல்வழியில் பராமரிக்கவும், அவரது நடமாட்டத்தைக் கண்காணிக்கவும், அவர் மீண்டும் அத்தொழிலில் ஈடுபட்டால் தகவல் தெரிவிக்கவும் இதன் மூலம் உறுதி கூறுகிறேன்." தலையை நிமிர்த்தி, "புரிஞ்சுதா?" என்று மகளைக் கேட்டார்.

"புரிஞ்சுது மேடம்."

"உங்களுக்கு?"

செங்கம்மாள் பேசவில்லை. பதில் வராமல் பத்திரம் செல்லாது என்று மேலாளர் இன்னொரு தடவை முதலிலிருந்து படித்தார். இந்தத் தடவை அவள் "புரிஞ்சுது" என்றாள்.

பிரியங்கா கையெழுத்துப் போட்டாள். தையல் சான்றிதழ் ஒன்றும், செங்கம்மாள் தைத்த நைட்டி ஒன்றும் கொடுத்து அனுப்பினார்கள்.

பஸ்ஸில் கூட்டமில்லை. செங்கம்மாள் மூன்று பேர் சீட்டில் ஜன்னல் ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். பிரியங்கா அதே சீட்டில் இந்த ஓரத்தில் உட்கார்ந்தாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"உக்காரும்மா, நடுவுல எடம் கீதே" என்றார் கண்டக்டர்.

உட்கார்ந்தேன். மகிந்திரா சிட்டிப் பக்கம் போகிற கம்பெனி பஸ்கள் எதிரே வரிசையாக வந்துகொண்டிருந்தன. பிறகு செங்கம்மாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே என் தொடையில் தட்டினாள்.

"காலைல துன்னாளான்னு கேளு."

ஒரு கை தூரத்தில்தான் இருந்தாள் மகள். அவளுக்கும் கேட்டிருக்கும். நேராகப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"சாப்ட்டேன்னு சொல்லுங்கக்கா."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சொன்னேன்.